காலண்டர் அட்டையில் ஒரு ஃபியட்

போன மாதம் பூந்தமல்லி–ஆவடி சாலையில் என் ஃபியட் நின்றுவிட்டது. 1968 மாடல், 1100 டிலைட், 1089 சிசி, ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். பானட்டைத் திறந்தால் துருத்தண்ணீர் ஆவியாகப் பறக்கிறது. விசிறி இறக்கை ரேடியேட்டரின் வயிற்றில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தது. இரண்டு பையன்கள் தள்ளிக்கொடுக்க, சென்னீர்குப்பம் வீட்டு வாசல் வந்து சேர்ந்தேன்.

விசிறியைத் திட்டிப் பயனில்லை. ரேடியேட்டரைத் தாங்கும் தகட்டுச் சட்டம் அடியில் இற்றுப்போய், ரேடியேட்டர் பின்னால் சாய்ந்திருக்கிறது. இதில் பழைய பாவம் ஒன்று உண்டு. 1998-இல் இதே இடம் துருப்பிடித்தபோது, பெண்ணுக்குக் கல்லூரிப் பணம் கட்டவேண்டிய மாதம். "புதுசா செய்ய வேண்டாம்ப்பா, ஒரு ஆங்கிளை வச்சு ஒட்டிடு" என்று சொன்னவன் நான்தான். ஆங்கிளுக்கும் தகட்டுக்கும் நடுவில் மண்ணும் ஈரமும் தங்கின. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. மிச்சத்தைத் துரு பார்த்துக்கொண்டது.

நம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதற்குத் தனி சேஸிஸ் உண்டு. பானட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். ஃபியட்டுக்கு அப்படி இல்லை, உடம்பேதான் எலும்பு. முன் தகட்டை யோசிக்காமல் வெட்டினால் இரண்டு பக்கமும் விலகி, அப்புறம் பானட் நேராக மூடாது.

"வித்துடுங்கப்பா" என்றான் பையன். அவனே இன்னொரு செய்தியும் சொன்னான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி போட்டிருக்கிறது. 50 வயது தாண்டிய வண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'விஏ' என்ற எழுத்தோடு எண் வாங்கலாம். குமாஸ்தா புத்தி, விதியை முழுசாகப் படித்தேன். 'மூல வடிவம்' என்ற இடம் வந்ததும் அந்த ஆங்கிள் கண்முன் வந்து நின்றது.

தெருக்கோடியில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனேன். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்ததன் மிச்சம், பதற்றத்தில் எனக்கு 'ரதியாத்தர்' என்றுதான் வரும். "அது இன்னா சார், புது மருந்தா?" என்று சிரித்தார்.

அவர் முதல் நாள் எதையும் வெட்டவில்லை. அட்டை கேட்டார். வருஷா வருஷம் தேதி கிழித்து முடிந்த தினசரிக் காலண்டர்களின் பின்னட்டைகளை நான் தூக்கிப் போடுவதில்லை. ஒரு கட்டே கொடுத்தேன். துரு தின்னாத வலது பக்கத்தை அட்டையில் வரைந்து வெட்டி, திருப்பிப் போட்டு இடது பக்கத்துக்கு மாதிரி எடுத்தார். பிறகு நூல் பிடித்து, மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம். அதைத்தான் எங்கள் கணக்கு வாத்தியார் 'தியாகொனால்' என்று கரும்பலகையில் போட்டு உயிரை வாங்கினார். அறுபது வருஷம் கழித்து அதை ஒருவர் உபயோகப்படுத்திப் பார்க்கிறேன்.

20 கேஜ் தகடு. மடிப்பு, பள்ளம் எல்லாம் மரச்சுத்தியால் தட்டி எடுத்தார். வெல்டிங்குக்கு முன் பாட்டரியைக் கழற்றினார். ஒரே கோடாக இழுக்காமல் இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு. ஒரே இடத்தில் சூடு ஏறினால் மெல்லிய தகடு நெளிந்துவிடுமாம். தண்ணீர் வடிய அடியில் இருந்த ஓட்டைகளையும் அதே இடத்தில் போட்டார். 1998-இல் நாங்கள் அடைத்தவை அவைதான். ரெட் ஆக்சைடு பூசி, ரேடியேட்டருக்கு அடியில் ரப்பர் வாஷர் வைத்தார். பித்தளை ரேடியேட்டர் ஈயப் பற்றில் நிற்கிறது, அதிர்ந்தால் விட்டுவிடும்.

நாலு நாள் வேலை. கூலியை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

இப்போது விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே என் விரல் தாராளமாகப் போகிறது (எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் விட்டுப் பார்த்தேன்). பானட் ஒரே தட்டில் மூடுகிறது. 'விஏ' எண்ணுக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம், தினசரி உபயோகத்துக்குக் கூடாதாம். பூந்தமல்லி மார்க்கெட்டுக்கு எதில் போவது?

பாய் வெட்டிய அட்டைகளில் அளவும் தேதியும் எழுதி, நாடா கட்டி, பீரோ மேல் வைத்தேன்.

"என்னங்க, சட்டம்தான் செஞ்சாச்சே. இந்த அட்டையையாவது தூக்கிப் போடலாமில்ல?" என்கிறாள்.