கடல் காணாத பிள்ளை

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பம் ஆற்றுப் பாலத்தை நம்மில் பலர் நாள்தோறும் கடக்கிறோம். பேருந்தின் சன்னல் வழியே ஆறு ஒரு நொடி தெரிந்து மறைகிறது. செஞ்சிப் பகுதியில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்குகையில் பிரிந்து செல்லும் கிளைகளுள் ஒன்றே இந்த ஆறு. பாலத்துக்குக் கிழக்கே அது எப்படி வளைகிறது, அதில் என்ன வாழ்கிறது என்பதை எண்ணிப் பார்க்க நமக்கு நேரம் வாய்ப்பதில்லை.

சென்ற ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, பங்கு அலுவல்களுக்கு ஓய்வு கொடுத்து, உபதேசியாருடன் அந்தப் பகுதிக்குக் கொடுவா பிடிக்கச் சென்றோம். நாம் ஏரிக்கரைச் சிற்றூரில் பிறந்தவர். மண்புழு கோத்துக் கெளுத்தியும், சிறு தவளை கோத்து விராலும் பிடித்த இளமைப் பழக்கம் உண்டு. ஆனால் ஏரி நீர் நின்ற நீர். இங்கோ நீர் நாளுக்கு இருமுறை கடலிலிருந்து உள்ளே ஏறுகிறது, இருமுறை வடிகிறது. நம் கடற்கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. எனினும் ஆற்றின் உயிர்கள் அனைத்தும் அதற்கேற்பவே நடமாடுகின்றன.

தோணி தள்ளிய பெரியவர் அறுபதைக் கடந்தவர். இந்த நீரிலேயே வளர்ந்தவர். "எங்கே தூண்டில் போடலாம், ஐயா?" என்று கேட்டோம். "தண்ணி திரும்பட்டும் சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழியை ஊன்றி நின்றார்.

காத்திருந்த இடம் அரிக்கமேட்டின் அருகே. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது, உரோம நாட்டு மதுச் சாடிகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. 18-ஆம் நூற்றாண்டில், சயாமில் இயங்கிய குருமடம் ஒன்று போரினால் இடம்பெயர்ந்து, இதையடுத்த வீராம்பட்டினத்தில் சில ஆண்டுகள் அடைக்கலம் பெற்றது. கடல் கடந்து வந்த வணிகருக்கும், அந்தக் குருமாணவருக்கும் இது அறியாத ஆறுதான். அவர்களுக்கும் வழிகாட்டியவர்கள் இக்கரை மக்களாகவே இருந்திருப்பர்.

நீர் திரும்பியது. பெரியவர் தோணியை அலையாத்தி வேர்களின் ஓரமாகக் கொண்டுபோய், உயிருள்ள மடவைக் குஞ்சைத் தூண்டிலில் கோத்துத் தந்தார். கொடுவா இரையைத் தேடி நெடுந்தொலைவு துரத்தும் மீனன்று. வேர், பாலத்தூண், மூழ்கிய மரம் ஆகியவற்றின் மறைவில் நின்று, ஓட்டத்தோடு வரும் இரையை வாய் திறந்து ஒரே இழுப்பில் விழுங்கும். வங்காளத்தார் பேட்கி என்று போற்றுவதும், ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்று வழங்குவதும் இந்த மீனையே.

நெடுநேரம் கழித்து நரம்பு விறைத்தது. நீருக்குமேல் வெள்ளியாய் ஒன்று துள்ளியது. இழுத்தெடுத்தபோது ஒரு முழத்துக்கும் குறைவான கொடுவா. "செவுள்ல கை வைக்காதீங்க, கத்தி மாதிரி இருக்கும்" என்று எச்சரித்தவர், ஈரத்துணியால் மீனைப் பற்றி முள்ளை நீக்கினார். அன்று எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றே. உணவு விடுதிக்காரர் அதையும் மறுக்காமல் வாங்கியிருப்பார். பெரியவரோ குனிந்து மீனை நீருக்குள் விட்டார்.

"இது இன்னும் கடலைப் பார்க்காத பிள்ளை, சாமி. போயிட்டு வரட்டும்."

அச்சொல்லின் உண்மையைப் பின்னர் நூல்களில் படித்து வியந்தோம். கொடுவா முட்டையிடுவது முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீரில். குஞ்சுகள் கழிமுகத்துக்குள்ளும் ஆற்றுக்குள்ளும் ஏறி வளர்கின்றன. முதிர்ந்தபின் இனம்பெருக்க மீண்டும் கடலை நோக்கி இறங்குகின்றன. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே சிறியதைப் பிடித்துத் தின்றால், பின்னாளில் தாயாகவிருந்த மீனையே தின்றவராவோம். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கி வெற்றி கண்டது. பண்ணைகளுக்கு அது பெரும் பேறு. ஆயினும் ஆற்றுக் கொடுவா தழைக்க, ஆறும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலோ, அலையாத்தி அழிந்தாலோ, கழிவுநீர் கலந்தாலோ அந்த வழி அடைபடும்.

பெரியவர் இந்நூல்களைப் படித்தவரல்லர். அவருக்குத் தெரிந்ததெல்லாம், விட்டால்தான் வரும் என்பதே. தோணிக்கூலியாக நாம் கொடுத்தது அவருக்கு உண்டு. ஆனால் அன்று மாலை அவர் வீட்டு அடுப்புக்கு மீன் இல்லை. பொழுதுபோக்காகச் சென்ற நமக்கு அந்த மீன் ஒரு மகிழ்ச்சி. அவருக்கு அது ஒரு வேளைச் சோறு. அதை விட்டுக்கொடுத்தவர் அவரே.

இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத பேதுருவின் கதையை நாம் பலமுறை மறையுரையில் கூறியதுண்டு. நிறைந்த வலையைப் பற்றியே பேசுகிறோம். கைக்கு வந்ததை நாளைக்காகத் திருப்பிவிடும் மனத்தைப் பற்றிப் பேசுவது அரிது.

அன்பர்களே, வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் நம் இல்லங்களில் புலால் தவிர்த்து மீன் சமைப்பது வழக்கம். ஒறுத்தல் என்று அதைச் சொல்லிக்கொள்கிறோம். கூடையில் உள்ளங்கை அளவு கொடுவாக் குஞ்சுகள் மலிவாய்க் கிடக்கும்போது, "இது வேண்டாம், அம்மா" என்று சொல்லி வேறு மீன் வாங்குவதும் ஒறுத்தலே. வாங்குவோர் குறைந்தால் பிடிப்போரும் குறைவர். அந்தப் பெரியவர் தம் பங்கைச் செய்துவிட்டார். நம் பங்கு சந்தையில் காத்திருக்கிறது.