மாமாவின் பச்சை பாட்டில்

துபாய் மாமா செந்துறைக்கு லீவில் வந்தபோது கொண்டுவந்த சென்ட் 'ப்ரூட்'. பச்சைக் கண்ணாடி பாட்டில், கழுத்தில் வெள்ளி நிறச் சங்கிலி, பதக்கம் வேறு... மாப்பிள்ளை தோற்றான்! 1964-ல் அமெரிக்க ஃபேபர்ஜே கம்பெனி அறிமுகப்படுத்திய சரக்கு.

மாமா முந்திரித் தோப்புக்குப் போன நேரம் பார்த்து, தாராளமாக அடித்துக்கொண்டு திருச்சி இன்டர்வியூவுக்கு ரயிலேறினேன்.

''என்ன தம்பி, சலூன்லேர்ந்து நேரா வர்றீங்களா?'' என்றார் பக்கத்து சீட்காரர்.

குறைந்தது தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றினேன். பால் மாதிரி கலங்கித் தொலைத்தது! மாமா ஒன்றும் கேட்கவில்லை.

1989-ல் ஃபேபர்ஜே யூனிலீவர் கைக்குப் போனது. அந்தப் பெயர் போட்ட பழைய பாட்டில் இப்போது வருவதில்லை. மாமாவும் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அத்தை அந்தக் காலி பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

''கலங்கினது எப்படின்னு அவருக்கு அப்பவே தெரியும்டா. 'பையன் ஆசையா போட்டுக்கிட்டுப் போறான், விடு'ன்னுட்டாரு.''

மூடியைத் திறந்து மோந்தேன். அதே சலூன் வாசனை. மூக்கு அடைத்துக்கொண்டது. ஜலதோஷமில்லை!