மன்னாரைப் படிக்கும் பல்கலைக்கழகங்கள்

கடல் கடந்த மடல் – லண்டன்

மன்னாரைப் பற்றிப் படிக்க மன்னாருக்குப் போகவேண்டும் என்றில்லை. மன்னார் நகரத்தில் தோண்டியெடுத்த எலும்புக்கு வயது சொன்னது அமெரிக்காவின் புளோரிடா. மாந்தை மண்ணில் கிடைத்த மிளகையும் கிராம்பையும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தது லண்டன். முத்துச்சிப்பியை ஆராய்ந்தது லிவர்பூல். பெருக்கமரத்தின் மரபணுவை மெல்பேர்ண். மீனவர் தகராறை ஆம்ஸ்டர்டாம். ஒரு முனையில் பஸ் ஏறினால் மறுமுனையில் இறங்க ஒரு மணி நேரம் போதும் என்கிற சிறு தீவுக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் இத்தனை பேராசிரியர்கள்.

சட்டம், விஞ்ஞானம், சமூகம் என்று பல்கலைக்கழகங்கள் தனித்தனிக் கட்டடங்களில் அடைத்து வைத்திருக்கும் துறைகள் எல்லாம் ஒரே குழிக்குள் இறங்கவேண்டி வந்த இடம், மன்னார் சதொச வளவு.

2018 மார்ச்சில் நகர மத்தியில் லங்கா சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டிய மண் விலைக்குப் போயிற்று. வாங்கிய மண்ணைக் கொட்டிய இடத்தில் மனித எலும்புகள் தென்பட்டன. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், நீதவானின் உத்தரவில் அகழ்வு தொடங்கியது. களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ மண்ணைப் பொறுப்பேற்றார்; சட்ட வைத்திய அதிகாரி சமிந்த ராஜபக்ஷ எலும்புகளைப் பொறுப்பேற்றார். மண்வெட்டி ஒதுங்கி, கைக்கரண்டியும் தூரிகையும் வேலைக்கு வந்தன. மாதக்கணக்கில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. குழியின் ஒரு பகுதியில் உடல்கள் மயானத்தில் போல ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தன. மறுபகுதியில் அந்த ஒழுங்கு இல்லை; ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன.

அதற்கு முன்பே, 2013 டிசம்பரில், திருக்கேதீச்சரத்துக்கு அருகே தண்ணீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது வேறொரு புதைகுழி வெளிப்பட்டு, எண்பது வரையிலான எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. ஆகவே சதொச வளவின் வேலிக்கு வெளியே வந்து நின்ற தாய்மாருக்கு இது புதுக் காட்சியல்ல. அவர்கள் கையில் போரில் காணாமற்போன பிள்ளைகளின் படம் இருந்தது.

ஆறு எலும்பு மாதிரிகள் புளோரிடாவின் பீட்டா அனலிற்றிக் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: இவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை. போர்க்காலத்துப் புதைகுழி என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பேரிடி. இனிப் பேச்சில்லை என்று கோப்பை மூட நினைத்தவர்களுக்கு நல்ல சாட்டு. காபன் காலக்கணிப்பின் முடிவை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, மண்ணில் கிடைத்த மற்றத் தடயங்களையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார் சோமதேவ.

இங்கே விஞ்ஞானத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். உயிரோடு இருக்கும்வரை உடல் காபன்-14ஐ உணவு வழியாகப் பெற்றுக்கொண்டிருக்கும்; இறந்தபின் அது குறைந்துகொண்டே போகும், 5,730 வருடத்தில் பாதியாகும். மிச்சமிருப்பதை அளந்தால் இறந்த காலம் தெரியும். இன்னொன்றும் உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலிருந்த காபன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது. அதற்குப் பிறகு வாழ்ந்தவர்களின் எலும்பில் அந்த மேலதிகம் பதிந்திருக்கும். எனவே 1980களில் இறந்தவரையும் 1580களில் இறந்தவரையும் ஆய்வுகூடம் மாற்றிப் போடுவது இலேசில் நடக்காது. வாழ்நாளெல்லாம் மீன் தின்றவரின் எலும்பு உள்ளதைவிடப் பழையதாகக் காட்டும் என்பதும் உண்மைதான். கடலில் உள்ள காபன் பழையது. மன்னார் போன்ற ஊரில் அதற்கான திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்கத்தான் வேண்டும்.

ஆய்வுகூடம் பிழை விட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஆறு துண்டு எலும்பு முந்நூறு பேருக்காகப் பேசுமா? ஒழுங்காகக் கிடத்தியவர்களும் குவித்துப் போட்டவர்களும் ஒரே காலத்தவர்களா? இது இயற்பியலாளர் தீர்க்கிற கேள்வியல்ல. எந்த அடுக்கிலிருந்து எந்த எலும்பை எடுத்து அனுப்புவது என்ற தீர்மானத்தில்தான் முடிவின் பாதி இருக்கிறது. அந்தத் தீர்மானத்தில் தொல்லியலாளரும் வைத்தியரும் சட்டத்தரணியும், பிள்ளையைத் தேடுகிறவர்களும் பங்கெடுக்கவேண்டும். சரி, பழையவை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முந்நூறு பேர் எப்படி இறந்தார்கள் என்ற கேள்வி மிஞ்சுகிறது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆட்கள் மன்னாரில் கிறிஸ்தவம் தழுவியவர்களைக் கொன்றார்கள். 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்தார்கள். இரண்டும் அந்த 1404–1635 என்ற வரம்புக்குள்தான் வருகின்றன. வரலாற்றுத் துறைகள் வரிசையில் நின்று கேட்கவேண்டிய குழி அது.

ஆய்வு என்றால் ஆய்வுகூடம் வேண்டும் என்றும் இல்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். போரின் இறுதிக்கட்டத்தில், 2008 ஒக்டோபரில், வன்னியில் இருந்தவர்கள் கச்சேரிக் கணக்குப்படி 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது? இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. அரச தரப்பிலிருந்து இன்றுவரை நேரான விடை இல்லை.

சட்டத்துக்கு மன்னார் தந்தது எலும்பு மட்டுமல்ல. கரையிலிருந்து பல மைல் தள்ளி, எவருக்கும் சொந்தமில்லாத கடலின் அடியில் கிடக்கும் சிப்பியை ஓர் அரசு தன்னுடையது என்று சொல்லலாமா? சர்வதேசச் சட்டம் படிக்கிறவர்களுக்கு மன்னார் முத்துப்பார்கள் பழைய பாடம். 1758இலேயே சுவிஸ் அறிஞர் வற்றெல் பஹ்ரைனையும் இலங்கையையும் உதாரணம் காட்டி, முத்துக்குளிப்பு ஒருவரின் உடைமையாக இருக்கலாம் என்று எழுதினார். கடலடி யாருக்குச் சொந்தம் என்று 1923இல் ஆங்கிலேயச் சட்டவாதி செசில் ஹேர்ஸ்ட் எழுதிய கட்டுரையிலும் நம்முடைய பார்கள் வருகின்றன. நீந்தி ஓடுகிற மீன் வேறு, அடியோடு ஒட்டிக் கிடக்கும் உயிரினம் வேறு என்ற பிரிவை 1958 ஜெனீவா உடன்படிக்கை ஏற்றது. இன்றைய கடற்சட்டத்திலும் அது நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி நிலைத்துவிட்ட சிப்பி, கடலில் நிலைக்கவில்லை. லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் 1902இல் ஜேம்ஸ் ஹோர்ணெலுடன் வந்து பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. நாடாப்புழுவின் குடம்பிதான் முத்துக்குக் கரு என்றார்கள். பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. அடுத்த வருடத்தோடு சலாபங்கள் எனப்பட்ட பெரிய முத்துக்குளிப்புகள் ஓய்ந்தன. ஐந்து தொகுதி படித்தும் சிப்பி திரும்பி வரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய துறைமுகமான மாந்தையில் 2009–10இல் நடந்த அகழ்வின் தாவர எச்சங்களை லண்டன் யூனிவர்சிற்றி கொலேஜ் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டது: கிராம்பு ஒன்று, கி.பி. 900–1100 காலத்தது, கூடவே மிளகு, கோதுமை, முந்திரிகை விதை. பள்ளிமுனைப் பெருக்கமரத்தை அராபியர் கொண்டுவந்ததாகத்தான் ஊர்க்கதை. 2015இல் மெல்பேர்ண் ஆய்வாளர்கள் மரபணு பார்த்து, இந்தத் துணைக்கண்டத்துக்கு ஆபிரிக்காவிலிருந்து அது ஒருமுறையல்ல, பலமுறை வந்திருக்கிறது என்றார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன மன்னாரில் ஒரு கடற்காகத்தின் முதுகில் ஜிபிஎஸ் கருவி கட்டிவிட, அது ரஷ்யாவின் யமால் தீபகற்பம்வரை பறந்து போனது. அந்தப் பறவைகளின் வழி, 2024இல் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களின் வாதங்களில் ஒன்றானது. தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் முப்பது காற்றாடிகள் ஏற்கெனவே சுழல்கின்றன. புதிதாக வருபவற்றுக்கு எதிராக 2025 ஓகஸ்டில் ஊரே வீதிக்கு வந்தது. பறவைக்கு இருந்த தரவு, காற்றாலைகளால் தங்கள் வீட்டுக்குள் நிற்பதாக அவர்கள் சொல்லும் வெள்ளத்துக்கு இல்லையே என்பது அங்குள்ளவர்களின் ஆதங்கம்.

ஊரை ஊரவரே ஆராய்ந்த உதாரணமும் உண்டு. எருக்கலம்பிட்டியில் பிறந்த பேராசிரியர் எஸ்.எச்.ஹஸ்புல்லா புவியியலாளர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவு மக்கள் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம், என்ன சொத்து, இப்போது எங்கே என்று முகாம் முகாமாகக் கணக்கெடுத்தவர் அவர். யாரும் எழுதிவைக்காத ஒன்றுக்கு அவர் ஆவணம் உண்டாக்கினார். மீள்குடியேற்றத்தில் காணி கேட்டு நிற்பவருக்குத் தேவைப்படுவது அப்படிப்பட்ட ஆவணம்தான். 2018இல் அவர் காலமானார்.

மீனவர் பிரச்சினையிலும் ஆய்வு உதவியது. இந்திய இழுவைப்படகுகள் வடகடலைச் சுரண்டுவதையும், அதனால் சிறுதொழிலாளர் வலைகள் அறுபடுவதையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சூசை ஆனந்தன் நெடுநாளாக எழுதிவந்தார். ஆம்ஸ்டர்டாமின் யூரி ஸ்கோல்டன்ஸ் மன்னார்க் கரை உட்பட வடக்கில் தங்கி ஆராய்ந்து 2016இல் ஆய்வேடு சமர்ப்பித்தார். இந்திய–இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள் 1974இலும் 1976இலும் எழுதப்பட்டவை. வலையை இழந்தவருக்கு அந்தக் காகிதத்தால் என்ன பயன் என்பதுதான் அங்கே கேள்வி. இலங்கையின் 2017ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது.

இங்கே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. மண்ணும் எலும்பும் தரவும் கொடுத்த ஊருக்கு, அதன் மொழியில் ஒரு பத்துப் பக்கச் சுருக்கமாவது கொடுக்காத ஆய்வைப் பாதி ஆய்வு என்றுதான் சொல்லவேண்டும். இதைப் பல்கலைக்கழகங்கள் செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இங்கே லண்டனிலும் டொரொன்டோவிலும் சிட்னியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் கையில் நூலக அட்டை இருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளை 1958 உடன்படிக்கையை எடுக்கட்டும். இரசாயனம் படிக்கிறது காபன் கணக்கை எடுக்கட்டும். தமிழில் எழுதி மன்னார் பொது நூலகத்துக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பட்டும். எதில் தொடங்குவது என்று கேட்பவர்கள் ஸ்கோல்டன்ஸின் ஆய்வேட்டில் தொடங்கலாம். பேசாலையிலும் பள்ளிமுனையிலும் கடற்றொழிலாளர் சங்கங்களில் அதற்கு வாசகர்கள் இருக்கிறார்கள்.