ஒரு பூனைக்குப் பின்னால் ஐம்பதாயிரம் பேர்!

(மூன்றாமாண்டு கணிப்பொறித் துறை மாணவன்)



மலர்க் குழுவிலிருந்து கட்டுரை கேட்டு வந்தவர்கள், "அப்துல் கலாம் மட்டும் வேணாம்ப்பா, ஏற்கெனவே நாலு வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சரி, நம் துறையில் யாரைப் பற்றி எழுதலாம் என்று யோசித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் ஒரு பெண்மணி. பெயர் ஃபெய்-ஃபெய் லீ. கம்ப்யூட்டருக்குக் கண் கொடுத்தவர்களில் ஒருவர். 'கொடுத்தவர்' என்று சொல்லாமல் 'கொடுத்தவர்களில் ஒருவர்' என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

1976-ல் பெய்ஜிங்கில் பிறந்து, சீனாவின் செங்டு நகரில் வளர்ந்தவர். 1992-ல் அம்மாவோடு அமெரிக்கா போய், நியூஜெர்சியில் முன்பே இருந்த அப்பாவிடம் சேர்ந்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். படித்துக்கொண்டே சீன உணவகத்தில் வேலை. பாப் சபெல்லா என்ற கணக்கு வாத்தியார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிறகு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல். பெரிய இடம்தான். ஆனால் வாரக் கடைசியில் வீட்டுக்குத் திரும்பி, பெற்றோர் நடத்திய ட்ரை கிளீனிங் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கோ இதய நோய்.

இதுவரை நமக்குப் பழக்கமான கதை. கஷ்டப்பட்டுப் படித்து முன்னேறியவர்கள் கதையை இந்த மலரிலேயே பலமுறை படித்திருப்பீர்கள். அதனால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் வருவது.

கம்ப்யூட்டருக்கு ஒரு போட்டோ என்பது வெறும் எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. அந்த எண் குவியலில் பூனை எங்கே இருக்கிறது? 'இரண்டு கூர்மையான காது, ஒரு வால்' என்று விதி எழுதலாம். பூனை சுருண்டு படுத்துவிட்டால்? கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகம் மட்டும் காட்டினால்? விதி அங்கேயே காலி. அதனால்தான் விதியைச் சொல்லிக் கொடுக்காமல் உதாரணங்களைக் காட்டிக் கற்க வைக்கும் முறை வந்தது. லீ கால்டெக்கில் 2005-ல் டாக்டர் பட்டம் வாங்கியது இந்தத் துறையில்தான். அங்கே படிக்கும்போது 101 வகைப் பொருள்களுக்குச் சுமார் 9,000 படங்களைத் திரட்டினார். அந்தக் காலத்தில் அதுவே பெரிய தொகுப்பு.

அப்போது ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் இன்னும் நல்ல அல்காரிதம் எழுதுவதில்தான் மும்முரமாக இருந்தார்கள். இந்த அம்மா வேறு பக்கம் பார்த்தார். மூன்று வயதுக் குழந்தை அதற்குள் எத்தனை கோடிக் காட்சிகளைப் பார்த்திருக்கும்! நாம் மிஷினுக்கு ஒன்பதாயிரம் காட்டிவிட்டு 'ஏன் தெரியல?' என்று கேட்கிறோமே, இது நியாயமா? பிரின்ஸ்டனில் 'வேர்ட்நெட்' என்று ஒரு சொல் தொகுப்பு இருந்தது. ஆங்கிலச் சொற்களைப் பொருள் உறவுப்படி அடுக்கியது. அதிலுள்ள பொருள் பெயர் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கில் படம் சேர்ப்பது என்று 2007 வாக்கில் இறங்கினார். 'துறையை விட்டு ரொம்ப முன்னால் தாவாதே' என்று மூத்தவர் ஒருவர் புத்தி சொன்னாராம். படம் பொறுக்குவதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்ற இளக்காரமும் அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்டர்நெட்டில் படம் இறக்குவது சுலபம். ஆனால் 'பூனை' என்று தேடினால் பூனை பொம்மையும் வரும், பூனை படம் போட்ட பனியனும் வரும். யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து 'ஆமாம், இல்லை' சொல்லவேண்டும். கல்லூரி மாணவர்களை மணிக்கு 10 டாலர் கூலிக்கு வைத்துப் பார்த்தார். கணக்குப் போட்டால் வேலை முடிய எத்தனையோ வருஷம் ஆகும் என்று வந்தது. அப்போதுதான் ஒரு மாணவர் சொல்லி, அமேசான் கம்பெனியின் 'மெக்கானிக்கல் டர்க்' பற்றித் தெரிந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே துண்டு துண்டாக வேலை செய்து காசு வாங்கலாம்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. 1770-ல் கெம்பெலன் என்பவர் செஸ் ஆடும் இயந்திரப் பொம்மை ஒன்றை வியன்னா அரண்மனையில் காட்டினார். துருக்கியர் வேஷம் போட்ட பொம்மை. பெரிய பெரிய ஆட்களையெல்லாம் தோற்கடித்தது. விஷயம் என்னவென்றால், பெட்டிக்குள்ளே ஒரு ஆள் ஒளிந்திருந்து ஆடினார்! மிஷின் மாதிரி தெரியும், உள்ளே மனுஷன். அமேசான்காரர்கள் தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

167 நாடுகளிலிருந்து கிட்டத்தட்ட 50,000 பேர். சுமார் 100 கோடிப் படங்களைப் பார்த்துச் சலித்தார்கள். கடைசியில் தேறியது ஒன்றரைக் கோடி, வகைகள் 22,000. பெயர் 'இமேஜ்நெட்'. 2009-ல் 32 லட்சம் படம் சேர்ந்திருந்த நிலையில் மயாமி மாநாட்டில் அறிவித்தார்கள். மேடைப் பேச்சுகூட இல்லை, போஸ்டர் ஒட்டி நிற்கும் இடம்தான் கிடைத்தது. 2010-லிருந்து வருஷா வருஷம் போட்டி நடத்தினார்கள். 1,000 வகை, ஒரு படத்துக்கு ஐந்து பெயர் சொல்லலாம், அதில் ஒன்று சரியாக இருந்தால் போதும். முதல் இரண்டு வருஷமும் ஜெயித்தவர்களே நாலில் ஒன்றுக்கு மேல் தப்பு விட்டார்கள். 2012-ல் டொரண்டோவிலிருந்து கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கேவர், அவர்கள் பேராசிரியர் ஹின்டன் மூவரும் வந்தார்கள். பழசு என்று பலர் ஒதுக்கி வைத்த நியூரல் நெட்வொர்க், கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்டு இரண்டு. தப்பு 15.3 சதவீதம். இரண்டாவதாக வந்தவர்களுக்கு 26.2! இன்று போன் நம் முகத்தைக் கண்டு திறக்கிறதென்றால், அதன் வேர் இங்கேயும் இருக்கிறது.

ஹின்டனுக்கு 2024-ல் நோபல் பரிசே வந்தது. லீயும் ஸ்டான்போர்டு பேராசிரியர், உலகம் அறிந்தவர். இமேஜ்நெட் பற்றிய 2009 கட்டுரையில் ஆசிரியர் பெயர்கள் ஆறு. அந்த 50,000 பேர்?

எனக்கு இது வீட்டு விஷயம். என் அக்கா பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, பக்கத்து டவுனில் ஒரு கம்பெனியில் இதே வேலைதான் செய்கிறாள். ரோட்டுப் படத்தில் வண்டிகளைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் தரவேண்டும். வெளிநாட்டுக்காரன் கொடுத்த பட்டியலில் கார், பஸ், ட்ரக் உண்டு. நம்ம ஊர் குட்டியானைக்கு இடமில்லை. "ட்ரக்னு போட்டா லாரியும் அதுவும் ஒண்ணாயிடும்டா. கேட்டா பட்டியல்ல இருக்கறத மட்டும் போடுங்கறாங்க" என்பாள். வேலை முடிந்து வந்தால் கண்ணில் ஈரத்துணி போட்டுப் படுத்துக்கொள்வாள்.

2010 வாக்கில் வந்த ஆய்வுகளின்படி மெக்கானிக்கல் டர்க்கில் வேலை செய்தவர்களில் மூன்றில் ஒருவர் இந்தியர். 2018-ல் வந்த ஓர் ஆய்வு, அங்கே நடுத்தரமான ஒருவரின் வருமானம் மணிக்குச் சுமார் 2 டாலர் என்றது. இன்னொன்றும் சொல்லவேண்டும். மனிதர்களை வகைப்படுத்திய பகுதியில் இழிவான பெயர்கள் இருப்பது வெளியே தெரிந்து, 2019-ல் லீயின் குழுவினரே 6 லட்சம் படங்களை நீக்கப்போவதாக அறிவித்தார்கள். பெயர் வைப்பது சின்ன வேலை இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

போன மாதம் நம் வளாகத்துக்கே இந்த வேலைக்கு ஆள் எடுக்க வந்தார்கள். "இதுக்கா மூணு வருஷம் படிச்சோம்?" என்று ஹாஸ்டலில் ஒரே சண்டை. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. வேலையில் கேவலம் ஒன்றும் இல்லை. சம்பளம் என்ன, பட்டியலைத் திருத்தச் சொன்னால் கேட்பார்களா, இதைத்தான் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்டேன். முதலாவதற்குப் பதில் வந்தது.

எங்கள் குழுவின் புராஜெக்ட், மரவள்ளி இலையைப் பார்த்து நோய் சொல்லும் புரோகிராம். இதுவரை 1,140 படம் எடுத்திருக்கிறோம். தேமல் எது, செம்பேன் எது, மாவுப்பூச்சி எது என்று எங்களுக்கு எங்கே தெரியும்? எங்கள் ஊர் விவசாயிகள் மூன்று பேர் சாயந்தரம் சாயந்தரம் உட்கார்ந்து சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா கட்டம் போட்டாள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எங்கள் நாலு பேர் பெயருக்குக் கீழே அந்த நாலு பேர் பெயரையும் அடித்துக் கொண்டுபோனேன். "இது ஃபார்மேட்ல இல்லையேப்பா" என்றார் கைடு சார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெச்சுட்டுப் போ, ஹெச்.ஓ.டி. கிட்ட கேக்கறேன்" என்றார். பைண்டிங்குக்கு அடுத்த வியாழன் கொடுக்கவேண்டும்.