லிவர்பூலில் ஒரு மறதிச் சோதனை

சிட்னியின் பெண்டில் ஹில்லில் இருந்து லிவர்பூலுக்கு டி5 ரயில் நேராகப் போகிறது. முதியோருக்கான தங்க நிற ஓப்பல் பயண கார்ட் வைத்திருப்பதால் அன்ரிக்கு நாள் முழுக்க இரண்டரை டாலர்தான். எனக்கு அதைவிடக் கூட.

அன்ரிக்கு வயது 67. ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சிட்னிக்கு வந்து ஆறு வருடம். அரசாங்கத்தின் இலவச ஆங்கில வகுப்பில் முன்பு 510 மணி நேரம் என்றொரு கணக்கு இருந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அன்ரி இன்னமும் முதல் படியிலேயே இருக்க முடிகிறது. பாடம் ஏறாததற்கு ஞாபகக் குறைவு காரணமாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டிப் பாருங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். மகனும் அதை நம்பிவிட்டார். ரயிலிலோ அன்ரி எந்தக் கடையில் எந்தக் கிழமை முருங்கைக்காய் மலிவு என்று விலையோடு ஒப்புவித்துக்கொண்டு வந்தார்.

கிளினிக் ஸ்டேஷனுக்குக் கிட்ட. சின்ன அறை, மருந்து மணம், மேசையில் ஒரு போன். அதன் ஸ்பீக்கரில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். தாதியின் கையில் இருந்தது 'ருடாஸ்' என்ற மறதிச் சோதனைப் படிவம். பல மொழிக்காரரும் படிப்புக் குறைந்தவர்களும் வீணாகத் தோற்கக் கூடாதென்று இதே தென்மேற்கு சிட்னியில் உருவாகி, 2004இல் வெளியானது. மொத்தம் 30 புள்ளி. 22 அல்லது அதற்குக் குறைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். கடைக்குப் போகிறீர்கள், நினைவில் வையுங்கள் என்றது போன். அன்ரி விழித்தார். இரண்டாம் முறையும் அப்படியே. தாதி போனை மேசையின் வலது பக்கம் நகர்த்தினார். உடனே நாலும் வந்தன. பிறகுதான் கவனித்தேன், அன்ரி எல்லாருக்கும் வலது காதைத்தான் கொடுக்கிறார்.

முஷ்டி, உள்ளங்கை மாற்றி மாற்றி வைக்கும் வேலை சரளம். கனசதுரம் வரையச் சொன்னபோது பெட்டி ஒரு பக்கம் சரிந்து வீட்டுக்கூரையாகிவிட்டது. பென்சில் பிடித்த விதமே சொன்னது, அந்தக் கைக்குப் பழக்கம் அகப்பையோடு. சிக்னல் இல்லாத தெருவை எப்படிக் கடப்பீர்கள் என்றதற்கு, "ரெண்டு பக்கமும் பாத்திட்டு, ஆரும் பொடியன் நிண்டால் அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போவன்." மிருகங்களைச் சொல்லச் சொன்னதும் ஆடு, மாட்டில் தொடங்கி மரநாய் வரை போனார். எட்டு போதும் என்று தாதி நிறுத்தினார். கடைச்சாமான் நாலும் பிசகாமல் திரும்பி வந்தன.

26 புள்ளி.

"வகுப்பில எங்க இருப்பீங்க?" என்று கேட்டேன்.

"கடைசி வரிசை, ஏசிக்குக் கீழ. ரீச்சர் சொல்லுறது ஒண்டும் விளங்காது பிள்ளை. திருப்பிக் கேக்க வெக்கம்."

இத்தனை நாளும் யாரும் இதைக் கேட்கவில்லை போலும். தாதி படிவத்தின் ஓரத்தில் 'கேட்கும் திறன்' என்று எழுதி அடிக்கோடிட்டார். வரவேற்பில் இருந்த பெண் விளக்கினார்: பென்ஷன் கார்ட் இருந்தால் அரசு திட்டத்திலேயே காது மெஷின் வரை கிடைக்கும், ஆனால் முதியோர் பென்ஷனுக்குப் பொதுவாகப் பத்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும்.

அன்ரி பையைத் துழாவித் தங்க நிற ஓப்பல் கார்ட்டை எடுத்து நீட்டினார். "இது ஓடாதோ?"

பயணத்துக்கு மட்டும்தான் என்றார் அந்தப் பெண்.