மேல்வயல் மனையானா கீழ்வயல் என்னாகும்?

ஸ்ரீரங்கம் தாலுகாவுல எங்க பக்கம் இப்ப யார் வந்தாலும் "நெல்லு எப்படி?"ன்னு கேக்கறதில்ல, "சதுர அடி என்ன போகுது?"ன்னுதான் கேக்கறாங்க. 2025ல பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட் திறந்தப்புறம் இந்தக் கேள்வி இன்னும் கூடிப் போச்சு.

எனக்கு இருக்கறது ஒன்றரை ஏக்கர் நஞ்சை. பேட்டைவாய்த்தலையில காவிரியிலிருந்து பிரியற உய்யக்கொண்டான் வாய்க்கால்லேர்ந்துதான் தண்ணி. ராஜராஜ சோழன் காலத்துல வெட்டினதுன்னு சொல்லுவாங்க. எனக்கு மேல ரெண்டு வயல். அதுல ஒண்ணு போன வருஷம் மனையாச்சு. வித்தவர் மேல எனக்குக் கோபம் இல்ல. ரெண்டு பொண்ணு கல்யாணம், வங்கிக் கடன், கூலிக்கு ஆள் இல்ல. நெல்லு குடுக்காததை நிலம் ஒரே நாள்ல குடுத்துச்சு.

ஆனா அங்க மூணு அடி உயரத்துக்குக் கிராவல் கொட்டிட்டாங்க. மழைத் தண்ணி முழுக்க என் வயல்ல இறங்குது. தண்ணி வேணுங்கற நேரத்துலயோ மடை அடைபட்டுக் கிடக்கு. வாய்க்கால் தூர்வார முன்னல்லாம் பங்காளிங்க பத்துப் பேர் மண்வெட்டியோட வருவோம். இப்ப மூணு பேர். மனை வாங்கினவங்க வெளியூர்ல இருக்காங்க.

சட்டம் இல்லாம இல்ல. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971லேர்ந்தே இருக்கு. விவசாய மண்டலத்துல வீட்டு மனை போடணும்னா நில உபயோக மாற்றம் வாங்கணும். 2016 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு பண்ணக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. பத்திர ஆபீஸே வெறிச்சோடிப் போச்சு. 2017ல அரசாங்கம் வரன்முறை விதி கொண்டு வந்துச்சு. 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி ஒரு மனையாவது வித்திருந்தா, கட்டணம் கட்டி அந்த மனைப்பிரிவை வரன்முறைப்படுத்திக்கலாம்னு அதுல இருந்துச்சு.

2020ல பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தப்ப சந்தோஷப்பட்டோம். அதுல திருச்சி மாவட்டம் இல்ல. சேர்த்திருந்தாலும் அந்தச் சட்டம் தடுக்கறது எண்ணெய்க் கிணறு, உருக்காலை, தோல் தொழிற்சாலை மாதிரியானதைத்தான். வீட்டு மனை அந்தப் பட்டியல்லயே கிடையாது.

என் சங்கடம் இதுதான்: அனுமதி சர்வே நம்பர் கணக்குல கிடைக்குது, தண்ணி வாய்க்கால் கணக்குல வருது. மேல ஒருத்தர் மாறினா கீழ இருக்கறவங்க எல்லாரும் மாற வேண்டி வருது. "நீங்களும் குடுத்துடுங்கண்ணே"ன்னு புரோக்கர் வந்து நிக்கறதே தண்ணி நின்னப்புறம்தான். திருச்சி டவுனுக்குள்ள உய்யக்கொண்டானைப் பாத்திருப்பீங்க. பாசனம் பண்ணின வயல்லாம் வீடாச்சு, வாய்க்காலுக்குச் சாக்கடை வந்துச்சு. டவுனைத் தாண்டி வாழவந்தான்கோட்டை ஏரி வரைக்கும் அதே தண்ணிதான் போகணும்.

மனை வாங்காதீங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. எல்லாருக்கும் வீடு வேணும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அப்ரூவல் நம்பரோட நிக்காதீங்க. புலப்படம் வாங்கிப் பாருங்க, வாய்க்கால் புறம்போக்கு எங்க ஓடுதுன்னு தேடுங்க. அந்த இடத்துக்கு நேர்ல போய், கீழ்வயல்காரர் யாருன்னு விசாரிச்சு, தண்ணி எப்படி வருதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சொல்றது உங்க வீட்டுக்குள்ள மழைக்காலத்துல தண்ணி வருமா வராதாங்கறதுக்கும் பதில்தான்.

இந்த வருஷம் மடைக்குப் பக்கத்துல ஒரு குழாய் பதிச்சுத் தரச் சொல்லி மனு குடுத்திருக்கேன். நாத்து விட்டாச்சு. தண்ணி வந்தா எழுதறேன்.