மினூவின் வயிறு

போன வருஷம் ஐப்பசி மழையில், வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து ஒரு கீச்சுக் குரல் கேட்டது. குனிந்து பார்த்தால், சாம்பல் நிறத்தில் ஒரு பூனைக்குட்டி. திண்ணையில் சாக்கு விரித்துப் போட்டு, தாய் வருமா என்று மறுநாள் வரை பார்த்தோம். வரவில்லை.

"உள்ள கொண்டாங்க. மழையில செத்துடும்" என்றாள் என் மனைவி.

அவளுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. குனிய முடியாது. குட்டியைத் தூக்கி வருவது மட்டுமல்ல, அதற்குப் பிறகு நடக்கப்போகும் எல்லாமே என் வேலைதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மினூ என்று பெயர் வைத்தேன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுக்காரர்கள் பூனையைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். எதிர்வீட்டு அம்மா அதை 'மீனு' என்று எடுத்துக்கொண்டு, "நல்ல பேரு" என்றார். நானும் திருத்தவில்லை.

பூனை என்றால் பால். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பசும்பாலை வெதுவெதுப்பாக்கி மூன்று வேளை வைத்தேன். இடையில் பால்சோறு. பெங்களூரிலிருக்கும் பேரன் போனில் சொன்னபடி, பழைய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் மணல் பரப்பிக் கூடத்து மூலையில் வைத்தேன். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள், மணலுக்குப் பஞ்சமில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மினூ அதில் ஏறி, பள்ளம் பறித்து, காரியத்தை முடித்து, மூடிவிட்டு இறங்கியது. பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரே நாள்தான். மறுநாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. வீடு முழுக்க நாற்றம். நமக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே? மணலைக் கொட்டி, ஃபினாயில் ஊற்றித் தொட்டியைக் கழுவினேன். அதன் பிறகு மினூ தொட்டியை முகர்ந்து பார்க்கும், துள்ளி ஓடிவிடும். பீரோவுக்குப் பின்னால் ஒரு தடவை, மடித்து வைத்திருந்த என் வேட்டியின் மேல் ஒரு தடவை. நான் கத்தினேன். அது கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது.

முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் கணக்குப் பிரிவில் இருந்தவன். பிரச்சினை வந்தால் பதிவேடு போடத்தான் தெரியும். பழைய டைரி ஒன்றில் கோடு கிழித்து, தேதி, நேரம், கொடுத்த ஆகாரம், விளைவு என்று நான்கு பத்திகள் எழுதினேன். நாலாம் நாள் 'விளைவு' பத்தியில் ஏழு வரிகள். அன்று மாலை மினூ எழுந்திருக்கவே இல்லை. கழுத்துத் தோலைத் தூக்கி விட்டால் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. துண்டில் சுற்றி, டைரியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கால்நடை மருத்துவர் சின்னப் பெண். தராசில் வைத்தார். 550 கிராம். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று சொல்லி, தோலுக்கடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார். பிறகு டைரியைப் புரட்டியவர் சிரித்துவிட்டார்.

"சார், பதிலை நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே!"

பார்த்தேன். பால் என்று எழுதிய ஒவ்வொரு வரிக்கும் கீழே, ஓரிரு மணி நேரத்தில், வயிற்றுப்போக்கு. எழுதிய நான் அதைப் படிக்கவில்லை.

தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுமாம். அது போதாதென்று, மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததில் புழுவின் முட்டைகளும் இருந்தன. எடைக்குத் தக்கபடி பூச்சி மருந்து. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை. பாலை நிறுத்திவிட்டு, உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் என்றார்.

ஃபினாயிலைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, காலில் ஒட்டியதை நக்கினாலே ஆபத்து என்றார். தொட்டியைச் சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, சத்தமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். அழுக்கைத் தினமும் அள்ளிவிட்டுக் கையைக் கழுவவேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இந்த வேலையைத் தொடக்கூடாது. வயிறு வலித்த இடம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டும் பூனைகள் தொட்டியைத் தவிர்க்குமாம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நாம் சொல்கிறோம். சூடுபட்ட பூனை குளிர்ந்த தண்ணீருக்கும் பயப்படும் என்று பிரெஞ்சில் சொல்வார்கள். இரண்டையும் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். எழுபத்து நான்கு வயதில்தான் அர்த்தம் தெரிந்தது.

சத்தமில்லாத இடம் என்று பார்த்தால் பின்கட்டு அறைதான். புது மணலோடு தொட்டியை அங்கே வைத்தேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் மினூவின் பின்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதே ரூம்ல உங்க அம்மாவுக்கு ரெண்டு வருஷம் செஞ்சேன். அப்ப நீங்க இந்த வாசப்படியத் தாண்டி வந்ததில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. நாற்றம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவும் "அவன் ஆபீசுக்குப் போறவன், விடு" என்பாள். நான் ஊதுவத்தி வாங்கிக் கொடுத்ததோடு சரி. கை அழுக்கானால் கழுவினால் போய்விடும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பூனைக்குட்டி வரவேண்டியிருந்தது.

ஆறாம் நாள் காலை மணலில் கெட்டியாக ஒன்று இருந்தது. என் சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். டைரியில் தேதி போட்டு 'திருப்தி' என்று எழுதினேன். பிறகு மனைவியிடம் போய், "அப்ப நான் வந்திருக்கணும்" என்றேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப போய் மண்ண மாத்துங்க" என்றாள்.

போனேன். மினூ இப்போது இரண்டே முக்கால் கிலோ. மண் மாற்றுவது இன்றுவரை நான்தான்.